சக்கரத்தின் மேல் குடித்தனம்

கோடை விடுமுறையில் வாடகை வீட்டு வண்டியொன்றில் நானும் என் மனைவியும் புறப்பட்டோம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதற்குள் உண்டு. கால் நீட்டத்தான் இடமில்லை. விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த சிறு வீட்டைப் பார்த்தபின் அவள் அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

சிவகாசிக்கு முன்பே இருட்டிவிட்டது. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, காப்பிக்காகத் தீப்பெட்டியை எடுத்தேன்.

"அடுப்பு மூட்டாதீங்கய்யா! மதிலுக்கு அந்தப் பக்கம் பட்டாசு ஆபீஸ்!" என்று காவல்காரர் ஓடி வந்தார். (ஆலையை இங்கே ஆபீஸ் என்கிறார்கள்.)

கையிலிருந்த தீப்பெட்டியும் சிவகாசிச் சரக்கே! 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் அது. மழை பொய்க்கும் இக்கரிசல் சீமைக்குத் தீப்பெட்டியும் பட்டாசுமே கஞ்சி வார்க்கின்றன. 2012-இல் முதலிப்பட்டி ஆலை வெடித்ததைச் சொல்லும்போது காவல்காரரின் குரல் தாழ்ந்துவிட்டது.

என் மனைவி தீப்பெட்டியை வாங்கித் தகர டப்பாவில் போட்டு மூடினாள். அன்றிரவு மத்தியானச் சாதமும் மோருந்தான். காவல்காரருக்கும் ஓர் இலை போட்டாள்.