காயம்பட்டவரும் காயம்படுபவரும்

2020 ஏப்ரல் 23 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகளுள் ஒன்றான மயாமி டால்ஃபின்ஸ் எடுத்த ஒரு முடிவைக் குறித்துச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். அந்த விளையாட்டின்மீது எனக்குத் தனிப்பட்ட பற்று ஏதுமில்லை. ஒரு வினைச்சொல் எப்போது நிகழ்ச்சியைக் குறிக்கிறது, எப்போது இயல்பைக் குறிக்கிறது என்பது என் முனைவர்ப் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அதற்குச் சான்றுகள் தேடியபோது, விளையாட்டுச் செய்திகளில் ‘இன்ஜுரி புரோன்’ என்ற ஆங்கிலத் தொடர் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது. அதைப் பின்தொடர்ந்து போய், டுவா டகோவைலோவா என்ற இளைஞரின் இடுப்பெலும்பில் வந்து நின்றேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எங்கே, எப்போது, யாரிடம் சேர்ப்பது என்பதை ஒவ்வோர் ஆட்டத்துணுக்கிலும் தீர்மானிப்பவர் குவாட்டர்பேக். ஓர் அணியின் பல்லாண்டு வெற்றி தோல்வி பெரும்பாலும் அந்த ஒருவரைப் பொறுத்தது. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் என்னும் தேர்வில், கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 2020இல் மயாமிக்கு ஐந்தாம் இடம் வாய்த்திருந்தது.

டுவா அலபாமா பல்கலைக்கழகத்தின் இடக்கை ஆட்டக்காரர். 2018 ஜனவரியில் நடந்த தேசிய வாகைப் போட்டியின் இடைவேளையில் மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கி, கூடுதல் நேரத்தில் 41 கெஜ தூரம் வீசிய பந்தால் ஜார்ஜியாவை 26–23 என்ற கணக்கில் வீழ்த்தியவர். கல்லூரி நாள்களில் மொத்தம் 87 டச் டவுன் வீச்சுகள் அவர் கணக்கில் உள்ளன. திறமையில் எவருக்கும் ஐயமில்லை; ஐயமெல்லாம் உடலில்தான். 2018 டிசம்பரில் இடக் கணுக்காலிலும் 2019 அக்டோபரில் வலக் கணுக்காலிலும் அறுவைச் சிகிச்சை. 2019 நவம்பர் 16 அன்று மிசிசிப்பி ஸ்டேட் அணியுடனான ஆட்டத்தில், 35–7 என முன்னிலையில் இருந்தபோது, பந்தை வீசிய கையோடு இரு எதிராளிகளின் எடையில் அமுங்கி விழுந்தார். வலப்பக்கத் தொடை எலும்பின் தலை குழியிலிருந்து பின்னோக்கி விலகியது. குழியின் பின்சுவர் முறிந்தது. இரு நாள் கழித்து ஹூஸ்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

இவ்வகைக் காயத்தில் மருத்துவர்கள் அஞ்சுவது முறிவைக் காட்டிலும் குருதியோட்டத்தை. மூட்டு விலகும்போது தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சிதையக்கூடும். சிதைந்தால் எலும்பு மெல்லச் செத்துப்போகும். அது சில மாதங்களில் தெரியவரலாம், ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம். போ ஜாக்சன் என்ற பெரும் ஆட்டக்காரரின் கால்பந்து வாழ்வை 1991 ஜனவரியில் முடித்துவைத்தது இதுதான். அந்தப் பெயர் தேர்வாளர்கள் அனைவரின் நினைவிலும் இருந்திருக்கும். காயத்துக்கும் தேர்வுக்கும் இடையே இருந்ததோ ஐந்தே மாதங்கள். பிப்ரவரி இறுதியில் இண்டியானாபோலிசில் நடந்த பொது மருத்துவப் பரிசோதனைக்குப் பின், பெருந்தொற்றின் காரணமாக அணிகள் வீரர்களைத் தம்மிடம் வரவழைத்துச் சோதிக்கவும் வழியில்லாது போயிற்று.

ஆக, கேள்வி இது: கைக்கெட்டிய மிகச் சிறந்த திறமையை, அது தங்கியிருக்கும் உடலைப் பற்றிய ஐயத்தோடு எடுப்பதா? அல்லது சற்றே குறைவாக மதிப்பிடப்பட்ட, உடல்நலத்தில் குறையில்லாத ஒருவரை எடுப்பதா? ஒரேகன் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் ஹெர்பர்ட் அப்போது தேர்வுக்குக் காத்திருந்தார். மயாமி டுவாவை எடுத்தது. அடுத்த இடத்திலிருந்த லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் ஹெர்பர்ட்டை எடுத்தது.

மயாமிக்கு இக்கேள்வி புதிதன்று. 2005ஆம் ஆண்டின் இறுதி நாளில் டுரூ பிரீஸ் என்ற குவாட்டர்பேக்கின் பந்து வீசும் தோள் கிழிந்தது. 2006இல் அவர் அணி தேடியபோது மயாமியின் மருத்துவர்கள் அத்தோளுக்கு ஒப்புதல் தரவில்லை. முந்தைய ஆண்டில் முழங்கால் சிதைந்திருந்த டாண்டே கல்பெப்பரை மயாமி வாங்கிக்கொண்டது. கல்பெப்பர் அங்கே நான்கு ஆட்டங்களோடு முடிந்தார். பிரீஸ் நியூ ஆர்லியன்சுக்குப் போய் 15 பருவங்கள் ஆடினார்; 2010 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றார். அந்த இறுதிப்போட்டி நடந்தது மயாமி அணியின் சொந்த மைதானத்தில். 2006இல் மயாமியின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனே பின்னாளில் அலபாமாவில் டுவாவின் பயிற்சியாளரானார்.

இக்கதையைச் சொல்பவர்கள் பொதுவாக ‘துணிந்தவனுக்கே வெற்றி’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோள் தேறிய பிரீஸை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தேறாமற்போன பலரின் பெயர்களைச் செய்தித்தாள்களே மறந்துவிட்டன. நினைவில் நிற்கும் சான்றுகளை மட்டும் எண்ணிக் கணக்குப் போட முடியாது. மேலும், காயம் நாம் காவல் வைத்த வாசலில்தான் வரும் என்பதற்கும் உறுதியில்லை. 2010இல் முதலிடத்தில் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட் கல்லூரியில் தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அனைவரும் தோளையே ஆராய்ந்தனர். 2013லும் 2014லும் அவரைக் களத்திலிருந்து அகற்றியது இடக்கால் முழங்கால்.

இவ்விடத்தில்தான் என் துறை குறுக்கிடுகிறது. ‘புரோன்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு ‘முன்னோக்கிச் சாய்ந்த’ என்று பொருள். காயத்தை நோக்கிச் சாய்ந்தே இருப்பவர் என்ற படிமம் அதற்குள் உறைந்திருக்கிறது. தமிழில் இதை வினையாலணையும் பெயர்களைக் கொண்டு தெளிவாகக் காட்டலாம். ‘காயம்பட்டவர்’ என்பதில் உள்ளது இறந்தகாலம். நடந்த ஒன்றை அது அறிவிக்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. ‘காயம்படுபவர்’ என்பதில் உள்ள ‘ப்’ எதிர்கால இடைநிலை. தமிழில் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் இயல்பையும் உணர்த்தவல்லது. ‘மாடு புல் தின்னும்’ என்பது நாளைய செய்தியன்று, மாட்டின் இயல்பு. எனவே ‘காயம்படுபவர்’ என்னும்போது ஓர் இயல்பையும் ஒரு கணிப்பையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ‘பட்டவர்’ என்பதற்குச் சான்று தேவை, சான்றும் இருக்கிறது. ‘படுபவர்’ என்பதற்கு இன்னொன்றும் தேவை: முன் நடந்ததன் காரணம் இன்னும் நீடிக்கிறது என்று காட்ட வேண்டும்.

டுவாவைப் பொறுத்தவரை உண்மையான ஆய்வு அந்தக் காரணத்தைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும். இரு கணுக்கால், ஓர் இடுப்பு என்ற மூன்று காயங்கள் மூன்று தனித்தனி விபத்துகளா? அல்லது ஆட்டம் கைமீறிய பின்னும் பந்தை விடாமல் நீட்டித்து ஆடும் பழக்கம் என்ற ஒரே வேரின் மூன்று கிளைகளா? முதலாவதானால், எலும்பு கூடினால் கணக்கு தீர்ந்தது. இரண்டாவதானால், எலும்பின் நிழற்படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை. அடுத்த காயம் வேறோர் உறுப்பில் வரும். மருத்துவர் விடை சொல்லக்கூடியது முதல் கேள்விக்கு மட்டுமே. இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர்.

அதற்கடுத்த கேள்வி, ஒப்பீடு எதனோடு என்பது. காயம்பட்டவரின் ஆபத்தைச் சுழியத்தோடு ஒப்பிடுகிறோம். ஆனால் காயம்படாத எவருடைய ஆபத்தும் சுழியமன்று. அதே டிராஃப்டில் முதலிடத்தில் தேர்வானவர் ஜோ பரோ. உடல்நலம் பற்றிப் பெரிய ஐயம் எதுவுமின்றி சின்சினாட்டி அவரை எடுத்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அவருடைய இடக்கால் முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. அவர் மீண்டு வந்து, 2022 பிப்ரவரியில் தம் அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுசென்றார் என்பது வேறு.

மூன்றாவது கேள்வி, கணிப்பு பொய்த்தால் இழப்பு எவ்வளவு, யாருக்கு என்பது. பிராட்ஃபோர்டின் முதல் ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு 78 மில்லியன் டாலர். அதில் 50 மில்லியன் உறுதியளிக்கப்பட்டது. 2011இல் புதிய கூட்டு ஒப்பந்தம் புதுமுகங்களின் ஊதியத்துக்கு வரம்பு வைத்தது. பத்தாண்டு கழித்து வந்த டுவாவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 30 மில்லியன்தான். அணியின் பண இழப்பு சுருங்கிவிட்டது. அவ்வாண்டு மயாமியிடம் முதல் சுற்றில் மூன்று வாய்ப்புகள் இருந்தன. ஒன்று வீணானாலும் தாங்கிக்கொள்ளலாம். எஞ்சிய பெரிய இழப்பு, கைவிட்ட மாற்று. ஹெர்பர்ட் அவ்வாண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதைப் பெற்றபோது மயாமி ரசிகர்கள் எண்ணிப் பார்த்தது அதைத்தான்.

இதையெல்லாம் எங்கோ நடக்கும் ஒரு விளையாட்டின் கணக்காக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. முதுகலை முடித்த ஆண்டில் தண்டுவட வட்டு விலகியதால் ஏறத்தாழ ஒரு பருவம் படுத்த படுக்கையாக இருந்தேன். அடுத்த ஆண்டு ஓர் ஆய்வு உதவித்தொகைக்கான நேர்காணலில், என் ஆய்வுத் திட்டத்தைப் பற்றிய இரண்டு கேள்விகளுக்குப் பிறகு, எஞ்சிய நேரம் முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியே கேட்டார்கள். களப்பணிக்கு மலைக்கிராமங்களுக்குப் போக வேண்டியிருக்குமே, மீண்டும் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வினவினார். கேள்வி நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். பொதுப்பணத்தைப் பிரித்துக் கொடுப்பவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்விதான். ஆனால் விடையைத் தரக்கூடிய மருத்துவரின் அறிக்கை கோப்பில் இருந்தது. அதை எவரும் புரட்டவில்லை. அந்த அறையில் நான் ‘பட்டவராக’ நுழைந்து ‘படுபவராக’ வெளியேறினேன். உதவித்தொகை கிடைக்கவில்லை. காரணம் சொல்லப்படவில்லை, ஆகவே இதுதான் காரணம் என்று நானும் சொல்ல முடியாது. களப்பணியை வேறு வழியில் செய்து முடித்தேன்.

நம் துறைகளில் இத்தகைய தேர்வுகள் நாள்தோறும் நடக்கின்றன. மகப்பேற்று இடைவெளி, மனச்சோர்வுக்கு எடுத்த விடுப்பு, காசநோயில் போன ஓராண்டு என எத்தனையோ இடைவெளிகள் தன்விவரக் குறிப்புகளில் இருக்கின்றன. கால்பந்து அணிகள் ஒரு வீரரை எடுக்குமுன் எலும்பு மருத்துவரையாவது கேட்கின்றன. நாம் எவரையும் கேட்பதில்லை. இடைவெளியைப் பார்த்தவுடன் மனத்துக்குள் காலத்தை மாற்றிவிடுகிறோம்.

இனி, மயாமியின் முடிவு சரியா என்ற வினா. அன்று தெரிந்திருந்தவற்றைக் கொண்டு பார்த்தால் அதைப் பிழை என்று சொல்ல என்னிடம் காரணமில்லை. டுவாவின் இடுப்பு முதல் நான்கு பருவங்களில் அவரிடமிருந்து ஓர் ஆட்டத்தையும் பறிக்கவில்லை. 2023இல் 17 ஆட்டங்களையும் முழுமையாக ஆடி, 4,624 கெஜம் வீசி, அப்பருவத்தில் முதலிடம் பெற்றார். 2024 ஜூலையில் நான்கு ஆண்டுகளுக்கு 212.4 மில்லியன் டாலர் ஒப்பந்தமும் கிடைத்தது. இடுப்புக் காயம் மீண்டும் தலைகாட்டியது 2024இன் இறுதி இரு ஆட்டங்களில்தான். அவருடைய வாழ்வை உண்மையில் ஆட்டிவைத்தது 2020இன் விவாதங்களில் ஏறக்குறைய இடம்பெறாத ஓர் உறுப்பு: தலை.

2022 செப்டம்பர் 25 அன்று பஃபலோவுடனான ஆட்டத்தில் அவர் தலை தரையில் மோதியது. எழுந்தவர் நடக்க முயன்று தள்ளாடினார். தள்ளாட்டத்துக்குக் காரணம் முதுகு என்று கூறப்பட்டு, இரண்டாம் பாதியில் மீண்டும் ஆடவைக்கப்பட்டார். நான்கே நாள் கழித்து சின்சினாட்டியில் மறுபடி அடிபட்டு, விரல்கள் விறைத்து முறுக்கிக்கொண்ட நிலையில் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் நடந்த விசாரணையில், விதிமுறையின் படிகள் யாவும் பின்பற்றப்பட்டன. விளைவு மட்டும் அவ்விதிமுறை நோக்கியதாக இல்லை என்று முடிவானது. அதன்பின் விதியில் ஒரு சொல் சேர்க்கப்பட்டது: ‘அட்டாக்சியா’. நரம்பியல் காரணத்தால் உடல் சமநிலையோ இயக்க ஒருங்கிணைப்போ தவறுவது தென்பட்டால், அன்றைய ஆட்டத்துக்கு அவர் திரும்பக் கூடாது.

முந்தைய விதியிலும் தள்ளாட்டம் இருந்தது. ஆனால் அதன் காரணம் தலையன்று என்று மருத்துவர்கள் கருதினால் வீரர் திரும்பலாம். ஒருவரை எடுக்கும் முன் அவருடைய இடுப்பின் காரணத்தை ஐந்து மாதம் அலசியவர்கள், எடுத்த பின் அவருடைய தள்ளாட்டத்தின் காரணத்தை ஓர் இடைவேளைக்குள் முடித்துக்கொண்டார்கள். அந்த ஏற்றத்தாழ்வுதான் இக்கதையில் என்னை மிகவும் உறுத்துவது. தேர்வின்போது ஐயத்தின் இழப்பு அணியுடையது. எனவே ஐயம் நீண்டது. ஆட்டத்தின்போது இழப்பு ஆட்டக்காரருடையது, ஐயம் சுருங்கிவிட்டது.

ஆபத்தைத் தெரிந்தே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது தவறன்று. பல நேரங்களில் அது தேர்வாளரின் பெருந்தன்மையும்கூட. ஆனால் தேர்ந்தெடுத்தோம் என்பதாலேயே அவ்வுடலை விருப்பம்போலச் செலவிடும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. நேர்காணல் குழுக்களில் அமரும் ஆசிரியர்களிடமும், நாளை அமரவிருக்கும் நண்பர்களிடமும் எனக்கு இரு வேண்டுகோள்கள் உண்டு. இடைவெளியைக் கண்டால் கேளுங்கள். ஆனால் காரணத்தைக் கேளுங்கள், கோப்பில் உள்ள மருத்துவரின் சொல்லையும் படியுங்கள். எடுத்துக்கொண்ட பிறகு, அவர் தள்ளாடும் நாளில் அதே பொறுமையோடு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.