கப்பல் உள்ளறை எவ்வளவு பெரிசு? போகப்போற நம்ம குழுவுக்காக



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்போ கப்பல் பேச்சு மறுபடியும் வந்தது. பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைஞ்சதும் சமையல் குழுவில் பதினாலு பேர் மூணு ராத்திரி கப்பலில் போய்ட்டு வரலாம்னு யோசனை. கட்டணப் பட்டியலைப் பார்த்ததும் எல்லார் கண்ணும் போன இடம் ஒண்ணுதான்: இன்சைட் கேபின். ஜன்னல் இல்லாத உள்ளறை, இருப்பதிலேயே மலிவு. உடனே கேள்விகள். "தம்பி, அது நம்ம வீட்டு பாம் ஷெல்டர் மாதிரி இருக்குமா?" "மூச்சு முட்டுமா?" "நாலு பேர் படுக்கலாமா?" வாட்ஸ்அப்பில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பதில் எழுதி மாளலை. அதனால் இங்கேயே மொத்தமா எழுதிடுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நான் ரெனவேஷன் வேலை பார்க்கிறவன்னு உங்களுக்குத் தெரியும். டேப் இல்லாம வெளியே போனதில்லை. இதுவரைக்கும் நாலு தடவை கப்பல் ஏறியிருக்கேன், நாலு தடவையும் உள்ளறைதான். அறைக்குள் நுழைஞ்சதும் எல்லாரும் பெட்டியைப் பிரிப்பாங்க, நான் சுவரை அளப்பேன். என் மனைவி தலையில அடிச்சுக்குவாங்க.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, பாம் ஷெல்டர் மாதிரி இருக்காது. அதைவிடப் பல மடங்கு பெரிசு. பெரும்பாலான பெரிய கப்பல்களில் உள்ளறை ஏறக்குறைய 15 சதுர மீட்டர். நம்ம வீவக வீட்டுப் பெரிய படுக்கையறை அளவுன்னு வச்சுக்குங்க. ஆனா ஒண்ணு, அந்த 15-க்குள்ளதான் குளியலறை, அலமாரி, மேசை, சோஃபா எல்லாமே அடக்கம். மீதி இருக்கிற தரையில ரெண்டு பேர் எதிரும் புதிருமா வந்தா ஒருத்தர் கட்டிலில் உட்காரணும். மூச்சு முட்டாது. ஜன்னல் இல்லாட்டியும் குழாய் வழியா வெளிக்காற்று வந்துக்கிட்டே இருக்கும், குளிர்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

இனி கணக்கு. சில நிறுவனங்கள் அளவைச் சதுர அடியில் போடுறாங்க, சிலர் சதுர மீட்டரில். ஒரு சதுர மீட்டர்னா 10.76 சதுர அடி. இது தெரியாம ஒண்ணுல 15, இன்னொண்ணுல 160-ன்னு பார்த்து மயங்கக்கூடாது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

நம்ம ஊரிலிருந்து பல வருஷம் கிளம்பின ராயல் கரீபியனின் வாயேஜர் ஆஃப் தி சீஸ் கப்பலில் உள்ளறை 160 சதுர அடி. அதுக்கப்புறம் வந்த குவாண்டம், ஸ்பெக்ட்ரம் வகைக் கப்பல்களில் 166. வாயேஜர் 1999-இல் வந்த கப்பல், சுமார் 1,37,000 டன். ஸ்பெக்ட்ரம் 2019-இல் வந்தது, சுமார் 1,69,000 டன். கப்பல் முப்பதாயிரம் டன்னுக்கு மேல வளர்ந்திருக்கு, நம்ம அறை வளர்ந்தது ஆறு சதுர அடி. ஒரு கோலம் போடுற இடம்.

இதைவிட வேடிக்கை டிஸ்னி கப்பல்கள். 1998-இல் வந்த டிஸ்னி மேஜிக்கில் உள்ளறை 184 சதுர அடி. 2011-இல் அதைவிட ரொம்பப் பெரிசா வந்த டிஸ்னி டிரீமில் 169 தான். பழைய, சின்னக் கப்பலில்தான் பெரிய அறை! அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி கால்வெஸ்டன் துறைமுகத்தில் கார்னிவல் கப்பல் ஏறுவான். அங்கே பல கப்பல்களில் உள்ளறை 185 சதுர அடி. அந்தக் கப்பலை ஆடம்பரம்னு யாரும் சொல்றதில்லை. இன்னொரு பக்கம், 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் தனியாப் போறவங்களுக்குன்னே 100 சதுர அடியில் 128 அறைகள் கட்டியிருக்காங்க. அது நிஜமாவே சின்னதுதான், ஆனா ஒருத்தருக்கு ஒண்ணு, ரெண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அதனால, கப்பல் பெரிசு, புதுசுன்னு ஏஜென்ட் சொல்றதை வச்சு அறையும் பெரிசா இருக்கும்னு நினைக்காதீங்க. கப்பல் கட்டுறவங்க அறைகளைத் தனியாத் தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாச் செஞ்சு, கப்பலுக்குள்ள தள்ளிப் பொருத்துறாங்க. புதுக் கப்பலில் கூடுற இடமெல்லாம் பால்கனிக்கும் கடைத்தெருவுக்கும் சறுக்கு விளையாட்டுக்கும் போயிடுது. நடுவில் இருக்கிற நம்ம பெட்டி அப்படியேதான் இருக்கு.

ஆனா தச்சு வேலை தெரிஞ்சவனாச் சொல்றேன், பரப்பளவு பாதி விஷயம்தான். அமைப்பு மீதிப் பாதி. கதவைத் திறந்ததும் நீளமா ஒரு நடை, ஓரத்தில் அலமாரி, கடைசியில் கட்டில்னு இருக்கிற 160, நடுவில் பெரிய கட்டிலைப் போட்டுச் சுத்தி இடமில்லாம செஞ்ச 170-ஐ விட வசதி. ரெண்டு கட்டிலையும் பிரிச்சுச் சுவரோரமாப் போடச் சொன்னா நடுவில் நடக்க வழி கிடைக்கும். அறை ஊழியர்கிட்ட முதல் நாளே சொல்லிடணும். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போயிடும், கடினமான பெரிய பெட்டியா இல்லாம இருந்தா.

இப்போ நாலு பேர் கேள்வி. நாலு பேர் அறைன்னா கீழே ரெண்டு, மேலே ரெண்டு. மேல் படுக்கை கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும், ஏணி வச்சு ஏறணும். மூணாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் குறைச்சல், அதனாலதான் ஆசை வருது. 166 சதுர அடியை நாலால வகுத்தா ஆளுக்கு 41 சொச்சம். என் மனைவி கேட்ட கேள்வி இதைவிட நல்ல கேள்வி: "சாயங்காலம் ஏழு மணிக்கு நாலு பொம்பளைங்க ஒரே நேரத்துல சேலை கட்டணும்னா எங்கே நிக்கிறது?" முந்தானையை விரிச்சு மடிக்கவே ஒரு கை நீளம் வேணும். இளவட்டங்கள் போகட்டும், நல்லா இருக்கும். அறுபது வயசுக்கு மேல, முழங்கால் வலியோட, ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கிறவங்க ஏணி ஏறக்கூடாது. இதுல நான் பிடிவாதமாத்தான் இருப்பேன்.

பிடிவாதத்துக்குக் காரணம் நம்ம பாத்திரம் கழுவுற அக்கா. பேர் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல அந்த அண்டாக்களைத் தேய்ச்சவங்க. துப்புரவு வேலை பார்த்து, பத்து வெள்ளி அஞ்சு வெள்ளியாச் சேர்த்து வச்சிருக்காங்க. கப்பல் ஏறினதே இல்லை. "எனக்கு மலிவா எது இருக்கோ அதுல போடு தம்பி, நான் தரையிலகூட படுத்துக்குவேன்"னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் எங்க அப்பத்தா ஞாபகம் வந்தது. அவங்க நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவங்க. 1926-இல் கட்டின கப்பல், ஆயிரக்கணக்கான பேரைத் தளத்திலேயே ஏத்திக்கிட்டு பினாங்கு, கிள்ளான் வழியா இங்கே வரும். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். அவங்களுக்கு அறை கிடையாது. பாய் விரிக்கிற இடம்தான் அவங்க இடம், ஆறடிக்கு ரெண்டடி, 12 சதுர அடி. பக்கத்துப் பாய்க்காரங்களோட கடைசிவரைக்கும் உறவு கொண்டாடினாங்க, அது வேற கதை. ஆனா அன்னைக்கு வழியில்லாம அப்படி வந்தாங்க. இன்னைக்கு அக்கா தன் காசில் போறாங்க. தரையில படுக்கிற பேச்சே வேண்டாம்.

அடுத்து இருட்டு. இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்றதில்லை. உள்ளறையில் விளக்கை அணைச்சா உங்க கையே உங்களுக்குத் தெரியாது. வீட்டில் எவ்வளவு திரை போட்டாலும் வராண்டா வெளிச்சமாவது கசியும். இங்கே ஒண்ணும் கிடையாது. காலை ஆறா, மதியம் பன்னிரண்டான்னு தெரியாது.

எங்க அம்மாவுக்கு இப்போ எழுபத்தொன்பது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாத் தவறுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவைக் கூட்டிட்டுப் போனோம், எந்தக் கப்பல்னு சொல்ல வேண்டாம். முதல் ராத்திரி மூணு மணிக்கு "யாரு கதவை அடைச்சது, யாரு கதவை அடைச்சது"ன்னு ஒரு சத்தம். எழுந்து விளக்குப் போடுறதுக்குள்ள அம்மா சுவரைத் தடவித் தடவி அலமாரிக் கதவைத் திறந்து அதுக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தாங்க. உடம்பெல்லாம் நடுக்கம். கப்பல்னு சொன்னா புரியலை. என் தங்கை பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. அவங்களை உட்கார வச்சுத் திருநீறு பூசிவிட்டு, விடியுறவரைக்கும் நானும் மனைவியும் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தோம்.

மறுநாள் அறை ஊழியர், ஒரு பிலிப்பினோ பையன், சொல்லிக் கொடுத்தார். தொலைக்காட்சியில் கப்பல் முகப்புக் கேமராவைக் காட்டுற சேனல் ஒண்ணு இருக்கும். சத்தத்தை அணைச்சுட்டு அதை ஓடவிடுங்கன்னார். ராத்திரி கறுப்பா இருக்கும், விடியும்போது திரையும் விடியும். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தும் வச்சோம். ரெண்டாம் நாள் காலையில் கண் விழிச்சுப் பார்த்தா, அம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிவியில் தெரிஞ்ச சூரியனைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மேல் தளத்துக்கும் கூட்டிட்டுப் போனோம். "இந்தச் சூரியன் பெரிசா இருக்கு"ன்னாங்க.

குவாண்டம் வகைக் கப்பல்களில் உள்ளறைச் சுவரிலேயே தரையிலிருந்து கூரைவரைக்கும் ஒரு திரை வச்சு, வெளியே இருக்கிற கடலை அப்போதைக்கப்போதே காட்டுறாங்க. விளம்பர வித்தைன்னு நினைச்சேன், ஆனா வயசானவங்களுக்கு அது அலங்காரம் இல்லை, அவசியம். ஆறு சதுர அடி கூடக் குறையப் பார்க்கிறதைவிட இதைப் பாருங்க.

சக்கர நாற்காலி பயன்படுத்துறவங்க கவனிக்க. சாதாரண அறைக் கதவு பல கப்பல்களில் 23 அங்குலம் வாக்கில்தான். நாற்காலி நுழையாது. நடைபாதையில் விட்டு வைக்கவும் விடமாட்டாங்க, அவசர நேரத்தில் வழி அடைக்கும். இதுக்குன்னு கதவு 32 அங்குலம் இருக்கிற அகலமான அறைகள் உண்டு, உள்ளறையிலும் உண்டு. எண்ணிக்கை ரொம்பக் கொஞ்சம். ஆகவே இப்பவே சொல்லணும், கடைசி வாரத்தில் கிடைக்காது. தலைசுற்றல் உள்ளவங்களுக்குக் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் கேளுங்க, ஆட்டம் குறைவு. எதுக்கும் தள வரைபடத்தைப் பார்த்து, நேர் மேலேயோ கீழேயோ நாடக அரங்கம், சமையல்கூடம் இல்லாத அறையா எடுக்கணும்.

இன்னொண்ணு, விளக்கேத்த முடியாது. சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுவத்தி எதுவும் கூடாது. பேட்டரி விளக்குக் கொண்டு வாங்க. ரைஸ் குக்கரும் கூடாது. நம்ம குழுவில் யாருக்காகச் சொல்றேன்னு அவங்களுக்கே தெரியும்.

கடைசியா முடிவானது இது. பதினாலு பேருக்கு ஏழு உள்ளறை, அறைக்கு ரெண்டு பேர், யாரும் ஏணி ஏறப்போறதில்லை. அக்காவும் எங்க அம்மாவும் ஒரே அறை, எங்க அறைக்கு நேர் எதிரில். கோயிலில் அம்மா யார் பக்கத்தில் உட்கார்ந்தா அமைதியா இருப்பாங்கன்னு பார்த்தவங்களுக்கு இது புரியும். அம்மாவைப் பார்த்துக்கப் போறீங்களே, பாதிக் கட்டணம் நாங்க தர்றோம்னு மனைவி சொன்னப்போ அக்கா சோப்புக் கையோட நிமிர்ந்து பார்த்தாங்க. "நான் சுற்றுலாவுக்கு வர்றேனா, வேலைக்கு வர்றேனா?" முழுக் கட்டணத்தையும் அவங்களே கொடுத்துட்டாங்க, பத்து வெள்ளி நோட்டாவே. எண்ணி முடிக்கக் கால் மணி நேரம் ஆச்சு.

இன்னும் ரெண்டு பேர் பாஸ்போர்ட் நகல் தரலை. கப்பல் கிளம்புற தேதியிலிருந்து ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி ஆகணும், பார்த்துக்குங்க. வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்தில் என்கிட்டயே கொடுத்துடுங்க.