நரிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் நாவல்களில் இதுவரை மூன்று பேர் சுடப்பட்டு இறந்திருக்கிறார்கள். மூன்று பேரும் காகிதத்தில்தான் விழுந்தார்கள்.

ஆனாலும் எழுத வேண்டி வந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் என் பேரன் போன வாரம் ஒரு கேள்வி போட்டான். அங்கே அவனுடைய ஆபீஸ் சிநேகிதர்கள், மானையும், கயோட்டி என்று நம் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும் ஒரு பிராணியையும் ஒரே ரைபிளால் சுட எந்த அளவுக் குழல் உசிதம் என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்களாம். "நம்ம ஊர்லே யாராவது இப்படிக் கேட்டிருப்பாங்களா தாத்தா?" என்றான்.

கேட்டிருக்கிறார்கள். 1963-ல், மீஞ்சூரில், என் பெரியப்பா கேட்டார்.

அப்போது மீஞ்சூர் முழுக் கிராமம். ஸ்டேஷனைத் தாண்டினால் நெல்லும் வேர்க்கடலையும். கிழக்கே போகப் போகச் சவுக்குத் தோப்பு. அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய், உப்பங்கழி, கடல். பெரியப்பா கொல்லையில் கிர்ணி போட்டிருந்தார். பழம் எப்போது பழுக்கும் என்பது எங்களுக்குத் தெரிவதற்கு முதல் நாளே நரிக்குத் தெரிந்துவிடும். அது போதாதென்று ஒரு நாள் ஆட்டுக்குட்டி ஒன்றையும் கொண்டு போயிற்று. பெரியப்பா துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டார்.

நரியோடு விஷயம் நின்றிருக்கலாம். ஆனால் பெரியம்மாவின் தம்பி திருப்பதிப் பக்கம் உத்தியோகத்தில் இருந்தார். காட்டிலாகாவில் பெர்மிட் வாங்கி மான் வேட்டைக்குப் போகிறவர். "லைசென்ஸ் வந்தா இந்தப் பக்கம் வாங்க அத்தான்" என்று கடிதம் எழுதிவிட்டார். துப்பாக்கி ஒன்றுதான் வாங்க முடியும். நரி 10 கிலோ. நல்ல ஆண் புள்ளிமான் 70, 80 கிலோ. இரண்டுக்கும் பொதுவாக எதை வாங்குவது?

மவுண்ட் ரோடில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. கடைக்காரர் மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் மூன்று பெண்களையும் ஒரே சமயத்தில் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி பெரியப்பா திகைத்துப் போனார்.

முதலாவது, புள்ளி இருபத்திரண்டு ரைபிள். குழல் விட்டம் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு. அதன் குண்டு மூன்று கிராம் கூட இல்லை. "நரிக்குத் தாராளமாப் போதும் ஐயா. மானுக்கு இது குண்டூசி" என்றார் கடைக்காரர்.

இரண்டாவது, வங்காளத்தில் இச்சாப்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் செய்த புள்ளி முந்நூற்றுப் பதினைந்து. குண்டு சுமார் 16 கிராம். மானுக்கு அபாரம். இதென்ன 315 என்று ஒரு விசித்திரக் கணக்கு என்று பெரியப்பா கேட்டார். பட்டாளத்தின் ரைபிள் புள்ளி முந்நூற்று மூன்று. பட்டாளத்துத் தோட்டா களவு போனாலும் ஜனங்களின் துப்பாக்கியில் அது நுழையக் கூடாதே என்று வெள்ளைக்காரன் பயந்தான். அந்தப் பயத்துக்குப் பிறந்த அளவுகளில் இது ஒன்று. 1907-ல் இந்தியாவிலும் சூடானிலும் புள்ளி நானூற்றைம்பது அளவையே தடுத்துவிட்டார்கள் என்று பின்னால் படித்தேன். சீமைக் கம்பெனிகள் உடனே நானூற்றெழுபது, நானூற்று அறுபத்தைந்து என்று புதுக் குழந்தைகளைப் பெற்றுப் போட்டன. நம் தேசத்தில் குழலின் அளவைத் தீர்மானித்தவன் வேட்டைக்காரன் அல்ல, சர்க்கார்!

"சரி, நரிக்கு இதாலேயே சுட்டா என்ன?" என்றார் பெரியப்பா.

"நரியை ஊடுருவிட்டு மேலே போகும் ஐயா. மைல் கணக்கிலே போகும். உங்க ஊர் எது?"

"மீஞ்சூர்."

"மீஞ்சூர்லே மலையா இருக்கு, குண்டை வாங்கிக்க?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். கால்வாயில் படகு தள்ளுகிறவர்களையும் ரெயில் பாதையையும் அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த ரைபிளை அவரே மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூன்றாவது, பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாகச் செய்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவு வாய். இதன் சௌகரியம் தோட்டாவில் இருக்கிறது. பொடி ரவை போட்டால் கொக்கு. கொஞ்சம் பெரிது போட்டால் நரி. பட்டாணி மாதிரி எட்டு ஒன்பது உருண்டைகள் உள்ள தோட்டா போட்டால் மான். சட்டமும் இதற்குத்தான் அனுகூலம். 1959-ல் இயற்றி 1962-ல் அமுலுக்கு வந்த ஆயுதச் சட்டம், இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் என்றால் தற்காப்புக்கும் வேட்டைக்கும் லைசென்ஸ் கொடுக்கச் சொல்கிறது. ரைபிளுக்குத் தனியாகக் காரணம் சொல்லி சர்க்காரை நம்ப வைக்க வேண்டும்.

பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தார். கடைக்காரர் ரசீதோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தார்: "நாப்பது கஜத்துக்கு மேலே மட்டும் சுடாதீங்க ஐயா. உருண்டை சிதறிப் போயிடும்."

நரி விஷயத்தில் குறையே இல்லை. இரண்டு இரவு காவலில் ஒன்று விழுந்தது. மற்றவை அந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லை.

மார்கழியில் கூடூர் வழியாகத் திருப்பதிப் பக்கம் போனோம். டார்ச் விளக்கு தூக்கும் உத்தியோகம் எனக்கு. மாலையில் ஓர் ஓடைக்கு அக்கரையில் ஆண் மான் ஒன்று தலை நிமிர்ந்து நின்றது. அதற்கு முன் நான் மானைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். பெரியப்பா துப்பாக்கியை உயர்த்தினார், பிறகு தாழ்த்தினார். தூரத்தை யோசித்தார் என்பது இப்போது புரிகிறது. நான் அவர் காதருகில், "சுடுங்க பெரியப்பா, ஓடிடப் போவுது" என்றேன்.

சுட்டார். மான் துள்ளிற்று; ஓடிற்று. இலைகளில் சொட்டுச் சொட்டாக ரத்தம். இரவு பத்து மணி வரை தேடினோம். விடிந்ததும் மறுபடி தேடினோம். கூட வந்த காட்டு ஆள் ஓர் இலையை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "வயித்துலே பட்டிருக்கு சாமி. சாக ரெண்டு நாள் ஆகும்" என்றான்.

மீஞ்சூர் வரும் வரை ரெயிலில் பெரியப்பா வாய் திறக்கவில்லை. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பரணில் வைத்தார். அடுத்த வருஷம் நரி வந்தபோது தகர டின்னைத் தட்டி விரட்டினார். வெகு காலம் கழித்துத் தைரியம் வந்து ஒரு நாள் கேட்டேன்: "அந்த ரைபிளை வாங்கியிருந்தா மான் தப்பியிருக்காது இல்லே பெரியப்பா?"

"துப்பாக்கி மேலே தப்பில்லேடா. அவன் நாப்பதுன்னு சொன்னான். எழுபது கஜம் எனக்கு நாப்பதாத் தெரிஞ்சுது. ஆசைக்கு ஏது முழக்கோல்?" என்றார். யார் அவசரப்படுத்தியது என்பதைக் கடைசி வரை அவர் சொல்லவில்லை.

1972-ல் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தக் கேள்விக்கே நம் ஊரில் வேலை இல்லாமல் போயிற்று. பெரியப்பா காலமான பிறகு துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். மீஞ்சூரைச் சுற்றி இன்று அனல் மின் நிலையங்கள், கழிமுகத்தில் துறைமுகங்கள். கிணறுகளில் உப்பு ஏறி, 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையே வந்துவிட்டது.

பேரனிடம் சொன்னேன்: "உன் சிநேகிதர்கள் கேள்விக்கு அவர்கள் தேசத்திலேயே 1955-ல் பதில் வந்தாயிற்று. புள்ளி இருநூற்று நாற்பத்து மூன்று வின்செஸ்டர். லேசான குண்டு கயோட்டிக்கு; நூறு கிரெய்ன் குண்டு மானுக்கு. ஆனால் எத்தனை கஜம் என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொல்."

"நாற்பது கஜம்னா எவ்வளவு தாத்தா?"

வாசலில் இறங்கி எட்டு வைத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு முருங்கை மரத்தோடு நாற்பது முடிந்துவிட்டது.

"இவ்வளவு கிட்டவா?" என்றான்.

"ஆமாம், இவ்வளவு கிட்ட" என்றேன். எழுபதாவது எட்டு வரை நான் நடக்கவில்லை.