பின்வாசல்

மேல்பட்டாம்பாக்கத்து வீட்டிலிருந்தபடி, எங்கள் சிற்றிதழுக்கு வரும் மின்னஞ்சல்களை வடிகட்டிச் சேவை ஒன்றின் வழியே திருப்பிவிட்டேன். குப்பை மடல்களுக்குள் படைப்புகள் புதைந்துகொண்டிருந்தன. ஒரு முகவரிக்குரிய மடலை எந்த வழங்கியிடம் சேர்ப்பது என்று சொல்வது டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவு, 1986-இல் வகுக்கப்பட்டது. சிறிய எண்ணுக்கே முதலுரிமை. சேவைக்கு 10 கொடுத்தேன். பழைய வழங்கியை, ஒரு பாதுகாப்புக்காக, 20 என விட்டுவைத்தேன். அதுதான் பிழை. குப்பை அனுப்புவோர் பலர் வேண்டுமென்றே அந்தப் பின்வாசலைத்தான் தட்டுவார்கள். அதையும் நீக்கினேன்.

மறுவாரம் வடிகட்டி தடுத்துவைத்தவற்றைத் திறந்து பார்த்தேன். லாட்டரிப் பரிசுகளுக்கு நடுவே, அதுவரை அஞ்சலட்டையிலேயே எழுதிவந்த முதிய கவிஞர் ஒருவரின் முதல் மின்னஞ்சல். தலைப்பில்லை, இணைப்பில் ஒரு கவிதை. நான்கு நாள்களாக அங்கே கிடந்திருக்கிறது. உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

“தேறாதென்று விட்டுவிட்டீர்களாக்கும் என்றிருந்தேன், தம்பி” என்றார்.