உள்ளிருந்து வந்த வெள்ளம்

2018 ஆகஸ்டில் மேட்டூர் அணை நிரம்பி, பதினாறு கண் மதகும் திறக்கப்பட்டு, காவிரியில் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி தண்ணீர் போனபோது, குமாரபாளையத்தில் கரையோரத் தெருக்களில் வீடுகள் மூழ்கின. அவற்றில் ஒரு வீட்டின் வழக்கு என்னிடம் வந்தது. வீட்டுக்காரர் வீட்டோடு விசைத்தறி போட்டு, கூலிக்கு நெய்பவர். வீட்டுக் கடனுக்காக எடுத்த தீ மற்றும் சிறப்பு அபாயக் காப்பீடு அவரிடம் இருந்தது. காப்பீட்டு நிறுவனமோ ஒரு ரூபாயும் தர மறுத்தது. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, கழிவுக் குழாய் வழியாக வந்தது என்பதே அது சொன்ன காரணம்.

அது உண்மைதான். செப்டிக் டேங்கில் தெளிந்து வழியும் நீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடை ஆற்றில் முடிகிறது. ஆறு உயர்ந்து சாக்கடையின் வாயை மூடியதும் அதே குழாயில் தண்ணீர் திரும்பி ஏறும். 2005 வெள்ளத்தைப் பார்த்திருந்த வீட்டம்மா, வாசலில் மணல் மூட்டை அடுக்கி, தொட்டி மூடியைப் பாலிதீன் போட்டுக் கட்டி, கழிப்பறைக் குழியிலும் ஒரு மணல் மூட்டையைத் திணித்து அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றியிருந்தார். தண்ணீர் குளியலறையின் தரை வடிகாலான நானி ட்ராப் வழியே பீறிட்டது. ஆறு வாசற்படியைத் தொடுவதற்கு முன்பே வீட்டுக்குள் முழங்கால் அளவு கழிவுநீர் நின்றது.

நிறுவனத்தின் முதல் வாதம், இது வெள்ளமல்ல, செப்டிக் டேங்கைப் பராமரிக்காத குறை என்பது. ஆனால் இழப்புக்கு முன் கடைசியாக நிகழ்ந்தது எது என்று பாராமல், அதை உண்டாக்கிய வலுவான காரணம் எது என்று பார்க்க வேண்டும் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் பழைய நெறி. உச்ச நீதிமன்றம் 2009இல் சுவாரி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. ஆறு ஏறாதிருந்தால் அந்தக் குழாய் திரும்பியிராது. வெள்ளமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைவதும் நிரம்பி வழிவதும் அதே பாலிசியில் தனி அபாயமாக அச்சிடப்பட்டிருந்தது. ஒரு கதவை மூடினால் மற்றது திறந்திருந்தது.

இரண்டாவது வாதம்தான் கடினமானது. குழாயில் தண்ணீரைத் திரும்பவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இல்லை, ஆகவே நியாயமான கவனம் எடுக்கவில்லை என்றார்கள். நகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடத்தில் அப்படியொரு வால்வு கேட்கப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும், உள்ளூர் விதியில் ஏற்கப்படாதவரை பரிந்துரைதான். நியாயமான கவனம் என்பதை அந்தத் தெருவில் வாழும் ஒருவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அளக்க முடியும். அதற்குச் சான்று, இழப்பை மதிப்பிட வந்த நிறுவனத்தின் சர்வேயர் எடுத்த படங்களிலேயே இருந்தது: மணல் மூட்டை, அம்மிக்கல், கட்டிய தொட்டி மூடி. அறிக்கை அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சர்வேயர் அறிக்கை முடிந்த முடிவல்ல என்றும் உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லியிருந்தது.

மனு போட்டது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் கீழ்; 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் தீர்ப்புக் கிடைத்தது. அதுவரை அந்தக் குடும்பம் வட்டி கட்டிக்கொண்டிருந்தது. கட்டடச் சேதத்துக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் பணம் தர உத்தரவாயிற்று. ஆனால் நனைந்த பாவு நூலுக்கும் துருவேறிய தறி மோட்டாருக்கும் எதுவும் இல்லை, பாலிசி குடியிருப்புக்கு மட்டும் என்பதால். தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஊரில் இந்தக் கோடு எங்கே விழும் என்று கேட்டுப் பார்த்தேன். எழுதியதை மீற இயலாது என்றது நுகர்வோர் ஆணையம். நூல் கொடுத்தவருக்கு வீட்டுக்காரர் தன் கூலியில் கழித்துத்தான் கணக்கை முடித்தார். பக்கத்தில் ஆற்றுப் புறம்போக்கில் இருந்தவர்களுக்குப் பட்டா இல்லை, கடன் இல்லை, ஆகவே வழக்காடப் பாலிசியும் இல்லை. அதே தண்ணீர்தான் அங்கும் ஏறியது.

காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அணை திறக்கும் முன், வீட்டுக் கழிவுக் குழாய் வெளியேறும் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். குளியலறைக் குழாயும் அதற்கு உள்பக்கமாகவே வந்து சேரட்டும். வால்வின் மடலில் கசடு சிக்கினால் அது மூடாது, ஆண்டுக்கு ஒருமுறை கழுவுங்கள். அது மூடியிருக்கும்போது வீட்டுக் கழிவும் வெளியே போகாது, கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள். பிளம்பரிடம் பில் வாங்கி வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவும் முன் படம் எடுங்கள். தறி இருந்தால் அதையும் நூலையும் பாலிசியில் தனியாக எழுதச் சொல்லுங்கள்.