கோட்டையின் திறவுகோல்

இலண்டன் மாநகரில், தேம்சு ஆற்றின் வடகரையில், பழம்பெருங் கோட்டை ஒன்று நிற்கின்றது. 'இலண்டன் கோபுரம்' என்பது அதன் பெயர். 1066ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன், வென்ற நகரை அச்சுறுத்தி ஆளும் பொருட்டு, அதன் நடுவே உள்ள வெள்ளைக் கோபுரத்தை எழுப்புவித்தான். பின்வந்த மன்னர்கள் அதனைச் சுற்றி மதில்களையும் அகழியையும் அமைத்தனர். அரண்மனை, படைக்கலச் சாலை, நாணயச் சாலை, சிறைக்கூடம் எனக் காலந்தோறும் அது பல பணிகளுக்குப் பயன்பட்டது.

பகற்பொழுதில் அங்குத் திருவிழாக் கூட்டம் காணலாம். மன்னர்தம் முடியணிகளைக் காண மக்கள் நெடுவரிசையில் நிற்பர். அவற்றுள் கோகினூர் வைரமும் உண்டு. 1849இல் பஞ்சாபைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், பத்து வயதுச் சிறுவனாகிய துலீப் சிங் மன்னனிடமிருந்து உடன்படிக்கையின் பெயரால் அதனைப் பெற்றனர். பெற்றனர் என்பதினும் பறித்தனர் என்பதே பொருந்தும். எனினும், மணிகளின் ஒளியில் மயங்கித் திரும்புவோர் கோட்டையை முழுதும் கண்டவராகார். அதற்குரிய காலம் இரவே.

முன்னரே இசைவுச்சீட்டுப் பெற்ற சிலர் மட்டும் இரவு ஒன்பதரை மணியளவில் உள்ளே விடப்படுகின்றனர். ஒளிப்படக் கருவிக்கு அப்போது இடமில்லை. கண்ணுக்கும் காதுக்குமே வேலை. வழிகாட்டுபவர் 'யோமன் வார்டர்' எனப்படும் கோட்டைக் காவலர். படையில் 22 ஆண்டுகளேனும் பணிபுரிந்து நன்னடத்தைப் பதக்கம் பெற்றவரே இப்பதவிக்கு உரியவர். இவர்கள் மனைவி மக்களுடன் கோட்டைக்குள்ளேயே குடியிருக்கின்றனர். பகலில் காட்சிச்சாலையாக விளங்கும் இடம், இரவில் சிற்றூராகிவிடுகின்றது!

கல் பாவிய வழியில் சென்றால் ஒருபுறம் 'துரோகியர் வாயில்' தோன்றும். ஆற்றின் வழியே படகில் கொணரப்பட்ட கைதிகள் அவ்வாயிலால் உள்ளே புகுந்தனர். எதிரே குருதிக் கோபுரம் நிற்கின்றது. வால்ட்டர் இராலி 1603 முதல் 1616 வரை சிறையிருந்து உலக வரலாறு எழுதியது இங்கேதான். ஆயினும், இரவின் அமைதியில் நெஞ்சை வருத்துவது இளம்பெண் ஒருத்தியின் கதை. சேன் கிரே என்னும் அவள், 1553ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அரசியாக இக்கோட்டைக்குள் வந்தாள். ஒன்பது நாளில் முடியிழந்தாள். அதே கோட்டையில் கைதியானாள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அவள் தலை வெட்டுண்டது. பள்ளிப் பருவம் கடவாத வயது அவளுக்கு! மூத்தோர் ஆடிய அரசியல் ஆட்டத்தில் அவள் பகடைக்காய் ஆனாள். அவள் மாண்ட சில கிழமைகளில் அங்கே சிறைவைக்கப்பட்ட எலிசபெத்தோ, உயிர் தப்பி 1558இல் நாடாளும் அரசியானாள்.

மணி 9.53. தலைமைக் காவலர் செந்நிற நெடுஞ்சட்டை அணிந்து, ஒரு கையில் மெழுகுவத்தி விளக்கும் மறு கையில் திறவுகோற் கொத்தும் ஏந்தி வருகின்றார். வீரர் சிலர் துணை நடக்க, பெருங்கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டுகின்றார். திரும்பும்போது குருதிக் கோபுரத்தின் வளைவில், துப்பாக்கி ஏந்திய வீரன் ஒருவன் மறிக்கின்றான்.

"நில்! வருவது யார்?"

"திறவுகோல்."

"யாருடைய திறவுகோல்?"

"சார்லசு மன்னரின் திறவுகோல்."

அதன் பின்னரே வழி விடுகின்றான். 2022 வரை 'எலிசபெத்து அரசியாரின் திறவுகோல்' என்பதே விடையாக இருந்தது. வருபவர் யாரென்பதை அவ்வீரன் அறியாதவன் அல்லன். சற்று முன்னர் அவர் அவ்வழியே சென்றதையும் அறிவான். ஆயினும் கேட்கின்றான். மன்னரின் திறவுகோலே ஆயினும் கேளாமல் விடுவதில்லை. இதனை வெறும் நாடகம் என்று நகைப்போரும் உளர். நகைப்பவர் ஒரு செய்தியை எண்ணுதல் வேண்டும். 1940 டிசம்பரில், செருமானிய விமானங்கள் இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்த ஓர் இரவில், இச்சடங்கு நிகழும்போதே அருகில் குண்டு விழுந்தது. அதிர்ச்சியில் வீழ்ந்த காவலர் எழுந்து, புழுதியைத் தட்டிவிட்டு, எஞ்சிய பணியை முடித்தனர். காலம் தாழ்ந்ததற்குப் பொறுத்தருள வேண்டி, காவல் அதிகாரி ஆறாம் சார்ச்சு மன்னருக்கு மடல் எழுதினார். அவரைத் தண்டித்தல் கூடாது என மன்னரிடமிருந்து விடை வந்தது.

மணி பத்து அடிக்கின்றது. ஊதுகுழல் ஒலித்து அடங்குகின்றது. வந்தவர்களைக் காவலர் ஒருவர் வெளியே அழைத்துச் சென்று விடுகின்றார். திறவுகோல், இரவுக் காப்புக்காக, மன்னர் இல்லம் எனப்படும் மனைக்குள் செல்கின்றது.