ஹானர்ஸா, ஏபியா?

பிப்ரவரி 4

அடுத்த வருடப் பாடத் தேர்வுக்கான படிவம் வந்துவிட்டது. மகள் இப்போது ஒன்பதாவது. இங்கே நியூ ஜெர்சியில் பெரும்பாலான பள்ளிகளில் அறிவியலை வருடத்துக்கு ஒன்றாகத்தான் வைக்கிறார்கள்: ஒன்பதில் பயாலஜி, பத்தில் கெமிஸ்ட்ரி, பதினொன்றில் பிசிக்ஸ். எல்லாவற்றையும் எல்லா வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்த எனக்கு இந்த ஏற்பாடு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆசிரியை பரிந்துரைத்திருப்பது ஹானர்ஸ் கெமிஸ்ட்ரி. அவள் கேட்பது ஏபி கெமிஸ்ட்ரி. அதாவது அடிப்படைக் கெமிஸ்ட்ரியே படிக்காமல், கல்லூரி முதலாண்டுத் தரத்துப் பாடத்துக்கு நேரே போக வேண்டுமாம். பரிந்துரையை மீற வேண்டுமென்றால் பெற்றோர் வெய்வர் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். நடுவில் திணறினால் வகுப்பு மாற்றிக் கேட்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

என் கணவர் பேனாவைத் திறந்துவிட்டார். “கேக்கிறா, போகட்டுமே.” வாட்ஸாப்பில் ஏரியா அம்மாக்களும் ஆரம்பித்துவிட்டார்கள்: உங்க பொண்ணு எந்த ட்ராக்? ரயில்வேயில்கூட இவ்வளவு ட்ராக் பேச்சு இருக்காது.

பிப்ரவரி 7

ராத்திரி உட்கார்ந்து ஏபி பாடத்திட்டத்தை முழுக்கப் படித்தேன். ஒன்பது யூனிட். தேர்வு மூன்றே கால் மணி நேரம்: 90 நிமிடத்தில் 60 கொள்குறி வினாக்கள், 105 நிமிடத்தில் எழுத்து வினாக்கள் ஏழு. தனிம வரிசை அட்டவணையும் சூத்திரத் தாளும் அவர்களே தருகிறார்கள். கால்குலேட்டர் முழுநேரமும் வைத்துக்கொள்ளலாம். லாக் டேபிளைப் புரட்டியே பாதி நேரத்தைத் தொலைத்த எங்கள் தலைமுறைக்கு வயிற்றெரிச்சல்தான்.

முன் தகுதியாக ஒரு பொதுக் கெமிஸ்ட்ரி வகுப்பும் அல்ஜீப்ரா 2-ம் முடித்திருக்க வேண்டும் என்று ஏபியை நடத்தும் காலேஜ் போர்டு பரிந்துரைக்கிறது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. முடிவைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் விட்டுவிடுகிறார்கள். இவள் இப்போது ஜியோமெட்ரியில் இருக்கிறாள். அல்ஜீப்ரா 2 அடுத்த வருடம். லாகரிதம் அதில் கடைசிப் பக்கமாகத்தான் வரும். வினைவேகத்துக்கும் பிஹெச் கணக்குக்கும் அதற்கு முன்பே வேண்டும்.

இன்னொன்று காலண்டர். ஏபி தேர்வு நாடு முழுவதும் மே முதல் இரண்டு வாரங்களில், ஒரே அட்டவணைப்படி. ஜார்ஜியா, டெக்சாஸ் பக்கமெல்லாம் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே பள்ளி திறந்துவிடுகிறது. எங்களுக்கு லேபர் டே கழிந்து செப்டம்பரில். நடுவே பனி விடுமுறைகள் வேறு. அவசர அவசரமாக ஓடி, தேர்வு முடிந்தபின் ஜூன் பாதி தாண்டும்வரை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பெரியவன் அந்த வாரங்களில் சினிமா பார்த்தான்.

பிப்ரவரி 15

மகள் போன கோடையிலிருந்தே வீடியோ பார்த்துப் படிக்கிறாள். சரி, எவ்வளவு தெரிகிறது பார்ப்போம் என்று காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: 5.0 கிராம் ஹைட்ரஜன், 5.0 கிராம் ஆக்சிஜன். முழுக்க வினைபுரிந்தால் எவ்வளவு தண்ணீர்?

பத்து என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பேப்பர் எடுத்து மோலாக மாற்றினாள், ஆக்சிஜன்தான் முதலில் தீரும் என்று வட்டம் போட்டாள், 5.6 கிராம் என்றாள். மிச்சம் 4.4 கிராம் எங்கே போச்சு? “ஹைட்ரஜனாவே இருக்கும்மா, அது எங்க போகும்?”

அடுத்தது: ஆக்சிஜனைவிட ஃபுளோரினுக்கு அயனியாக்க ஆற்றல் ஏன் அதிகம்? “வலது பக்கம் போகப் போக ஏறும்.” அது அட்டவணையின் போக்கு, காரணம் இல்லை, ஏபியில் இதற்கு மார்க் விழாது. அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுதல், எலக்ட்ரான்கள் இருப்பதோ அதே கூட்டில், அதனால் இழுப்பு அதிகம் என்று கூலோம் விதியின் வழியாக வர வேண்டும். “எட்டு எலக்ட்ரான் ஆகணும்னு ஆசைப்படுது” என்ற பாணிப் பதில்களையும் ஏற்கமாட்டார்கள். விளக்கினேன். இன்னொரு தோசை வேகும் நேரத்தில் பிடித்துக்கொண்டாள். அப்புறம், நைட்ரஜனைவிட ஆக்சிஜனுக்கு ஏன் குறைவு, அங்கே விதி உடையுதே என்று என்னையே மடக்கினாள்.

பாடம் என்ற அளவில் இவளால் தாண்ட முடியும். அதை மறுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

பிப்ரவரி 19

நான் வேலை செய்யும் லேபில் இன்று, புதிதாகச் சேர்ந்தவரின் நோட்டைப் பார்த்தேன். பியூரெட் அளவு 22.4 என்று எழுதியிருந்தார். திருப்பிக் கொடுத்தேன். ஐம்பது மில்லி பியூரெட்டில் கோடுகள் 0.1-க்கு ஒன்று. இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணால் மதிப்பிட்டு இரண்டாம் தசமம்வரை எழுத வேண்டும். சரியாகக் கோட்டின் மேலேயே நின்றாலும் 22.40. மருந்துத் தரக்கட்டுப்பாட்டில் அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். அவர் முதுகலை முடித்தவர், கெட்டிக்காரர், எனக்குத் தெரியாத கருவிகளெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்தப் பூஜ்யத்தை எங்கே கற்கிறோம்? யாரும் அவசரப்படுத்தாத அந்த முதல் வருடத்தில்தான். மதுரையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ லேபில் நாங்கள் செய்ததெல்லாம் அதுதானே. நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க, அப்போதுதான் கரைத்த ஃபெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து அடர் கந்தக அமிலத்தைச் சுவரோரமாக இறக்குவோம். கை கொஞ்சம் நடுங்கினால் இரண்டும் கலந்து வளையமே தெரியாது. திரும்பவும் முதலிலிருந்து. லேப் அட்டெண்டர் அண்ணன் பார்த்துச் சிரிப்பார். நேரம் இருந்தது, கெடுத்துக் கெடுத்துப் பழகினோம்.

ஏபியிலும் லேப் உண்டு. குறைந்தது பதினாறு சோதனை, வகுப்பு நேரத்தில் கால் பங்கு. ஆனால் அங்கே பியூரெட் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு டைட்ரேஷன் வளைகோட்டை அலசப் போய்விடுவார்கள். இவள் வீடியோவில் எத்தனையோ டைட்ரேஷன் பார்த்திருக்கிறாள். ஒரு துளியில் இளஞ்சிவப்பு வந்து, குலுக்கினதும் மறைந்து, அடுத்த துளிக்கு மனசு அடித்துக்கொள்வது வீடியோவில் வராது.

பிப்ரவரி 25

பள்ளிக்குப் போய்வந்தோம். ஏபி ஆசிரியர் நேராகப் பேசுகிறவர். போன வருட ஹானர்ஸ் இறுதித் தேர்வுத் தாளை அவளிடம் கொடுத்தார்; நன்றாகவே செய்திருந்தாள். பல்லணு அயனிகளில் மட்டும் சல்ஃபைட், சல்ஃபேட் குழப்பம். “சேர்த்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை” என்றவர், அவளிடமே கேட்டார்: “பத்தாவதில் இதை முடித்துவிட்டால் அதற்குப் பிறகு இந்தப் பள்ளியில் கெமிஸ்ட்ரி இல்லை. இரண்டு வருடம் தொடாமல் இருந்துவிட்டுக் கல்லூரியில் ஆர்கானிக்கில் போய் உட்காருவாயா?”

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவளுக்கு மருத்துவ ஆசை வேறு. ஏபி மதிப்பெண்ணை முன்தகுதிப் பாடத்துக்கு ஈடாக ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் இங்கே பல. முந்திப் போய்ச் சேமிக்கிற அந்த வருடம் எந்தக் கணக்கிலும் வரவாகாது.

ஒரு பீரியட் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். வெளியே வந்தவள் காரில் சொன்னாள்: “பஃபர் நடத்தினாங்க. பாதி புரிஞ்சுது. எல்லாரும் ஜூனியர், சீனியர்.” கொஞ்ச தூரம் போன பிறகு, அவளுடைய தோழி போவதால்தான் தானும் கேட்டதாகச் சொன்னாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பாடத்திட்டம் படித்த ராத்திரி மிச்சம்.

மார்ச் 2

ஹானர்ஸ்தான். முடிவு அவளுடையது. காரணமாகச் சொன்னது ஆர்க்கெஸ்ட்ராவை: ஏபிக்கு லேபோடு சேர்த்து இரட்டைப் பீரியட், வயலின் வகுப்பு அடிபடும். நான் இத்தனை நாள் சேர்த்து வைத்த வாதங்கள் எதற்கும் வேலையே வரவில்லை. கெமிஸ்ட்ரியோடு சேர்த்துப் பத்திலேயே ஏபி பிசிக்ஸ் 1 எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். அதற்கு அல்ஜீப்ரா 2 கூடவே படித்தால் போதும், ஆகையால் சரி என்றேன்.

“ஒரு வருஷம் வேஸ்ட்” என்று இவர் பேனாவை மூடினார்.

அவள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். இந்தக் கோடையில் கெமிஸ்ட்ரி வீடியோ, டியூஷன் எதுவும் கிடையாது, நீச்சல் குளம் மட்டும். ஒத்துக்கொண்டேன். பல்லணு அயனிப் பட்டியலை மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவேன் என்று நானும் ஒரு நிபந்தனை போட்டேன். பேரம் இன்னும் முடியவில்லை.